இயந்திரக் கங்காணியும் நமது இளைஞரும்

தாப்பாப் பட்டணத்துக் கடைவீதியிலானாலும் சரி, பீடோர், தெமோ, சுங்காய்ப் பக்கத்துத் தோட்டங்களிலானாலும் சரி, பிள்ளைகளின் படிப்பைப்பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான வாதங்களே நமது காதில் விழுகின்றன. "கம்ப்யூட்டர் படித்துவிட்டால் போதும், பையன் பிழைத்துக்கொள்வான்" என்பர் ஒரு சாரார். "கணினியைக் கணினியே பார்த்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது, இனி அதைப் படித்து யாருக்கு என்ன லாபம்? லோரி லைசென்ஸ் எடுத்தாலும் சோற்றுக்கு வழியுண்டு" என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இருவரும் பிடித்திருப்பது ஒரே தவற்றின் இரு முனைகளை. கணினியினிடத்தில் மனிதனுக்குள்ள வேலை கை வேலை ஒன்றே என்று இருவருமே நம்புகிறார்கள். அது கிடைக்கும் என்கிறார் ஒருவர். கிடைக்காது என்கிறார் மற்றவர். கை வேலையைத் தவிர அங்கே வேறு வேலை உண்டென்பதும், அந்த வேலைதான் எசமான வேலை என்பதும் இருவருக்கும் தோன்றவில்லை. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கை வேலை யாதெனப் பார்ப்போம். தாப்பா ரோடு நிலையத்துச் சன்னலில் நிற்காமலே கைப்பேசியில் ரயில் டிக்கெட் எடுக்கிறோம். பாங்கிக்குப் போகாமலே பணம் அனுப்புகிறோம். இவற்றுக்கெல்லாம் பின்னே, எங்கோ குளிரூட்டிய கூடங்களில், இரவு பகல் ஓயாது உழைக்கும் கணினிகள் இருக்கின்றன. அவற்றைச் சர்வர் என்பார்கள். பணிக் கணினி என்று நாம் சொல்லுவோம். இவற்றில் புதிய நிரலை ஏற்றுவது, பழையதை இறக்குவது, ஒன்று பழுதானால் மற்றொன்றை எழுப்புவது, கேட்பவர் கூட்டம் பெருகினால் கணினிகளையும் பெருக்குவது ஆகிய காரியங்களை முன்னெல்லாம் ஆட்களே கையால் செய்துவந்தார்கள். ஊர் உறங்கும் நள்ளிரவு பார்த்து, காகிதத்தில் குறித்து வைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வார்கள். பத்துக் கணினியானால் பத்து முறை, நூறானால் நூறு முறை.

இன்று அவ்வாறில்லை. இன்ன நிரல், இத்தனை பிரதிகள், இவ்வளவு நினைவகம் என்று ஒரு கட்டளைக் கோப்பு எழுதிக் கொடுத்துவிட்டால், மற்றொரு நிரல் அதை வாசித்து அப்படியே நடத்தி வைக்கிறது. நடத்தி வைப்பதோடு நில்லாமல் ஓயாது கண்காணித்தும் வருகிறது. தோட்டத்தில் பிறந்தோருக்கு இதை விளக்க நெடும் பிரசங்கம் வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணி ஏட்டை விரித்து ஆள் கணக்கு எடுத்தது நமது பெரியோர் பலருக்கு இன்னும் நினைவிலிருக்கும். எத்தனை பேர் வேண்டுமென்பது ஏட்டில் இருக்கும். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது களத்தில் தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டால், வராதவனுடைய நிரையை வந்தவன் தலையில் கட்டுவார்கள். ஏடும் களமும் ஒத்துப்போகும் வரையில் ஓயமாட்டார்கள். தானியங்கி நிர்வாகம் என்பதன் சாரம் முழுவதும் இதுதான். கிராணி நாளுக்கொரு முறை எடுத்த பெரட்டை இயந்திரம் சில விநாடிக்கொரு முறை எடுக்கிறது என்பதும், அதற்குக் காய்ச்சல் தலைவலி இல்லை என்பதுமே வேறுபாடு.

இத்தகைய கங்காணிகளுள் இன்று பெரும்பெயர் பெற்றிருப்பது கியூபர்னெட்டிஸ் என்பது. கூகுள் கம்பெனியார் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2015-இல் ஒரு பொது அமைப்பின் கையில் ஒப்படைத்தார்கள். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவன் என்பது பொருளாம்; பழந்தமிழில் மீகாமன் என்கிறோமே, அவன். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மீகாமன் கலத்தை ஓட்டுவானே யொழிய, அது எந்தத் துறைக்குப் போவதென்பதைத் தீர்மானிப்பவன் சரக்குக்கு உடையவன் என்பதை வாசகர்கள் மறந்துவிடலாகாது.

நிற்க. "இயந்திரத்தை நம்பலாமா? மனிதன் கைபட்டுச் செய்தால்தான் வேலை திருத்தமாக இருக்கும்" என்று பேசும் பெரியோர்களும் நம்மிடையே உளர். அவர்களுக்கு ஒரு கதை. கற்பனையன்று, அமெரிக்க அரசாங்கத்துப் பங்குச் சந்தை ஆணையத்தார் விசாரித்து ஆவணமாக்கிய கதை. நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வாணிகக் கம்பெனியில், ஒரு புதிய நிரலை 8 பணிக் கணினிகளில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றிய ஊழியர் 7 கணினிகளில் ஏற்றினார், எட்டாவதை விட்டுவிட்டார். அந்த எட்டாவது கணினியில், 2003-ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டிலிருந்து நீக்கிய பழைய நிரலொன்று துடைக்கப்படாமல் உறங்கிக் கிடந்தது. 2012 ஆகஸ்டு 1-ஆம் நாள் காலை சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு, கேட்பாரின்றி வாங்கவும் விற்கவும் தொடங்கியது. 45 நிமிஷத்தில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பேரங்கள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறக்குமுன்னரே அக்கம்பெனியின் கணினிகள் 97 மின்னஞ்சல்களை அனுப்பித் தவறு நேர்ந்திருப்பதைக் காட்டியிருந்தன. அவற்றை எச்சரிக்கையென்று எடுத்துக்கொண்டவர் ஒருவருமில்லை. ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துமூலமான நடைமுறையும் அங்கே இல்லை. அடுத்த ஆண்டே அக்கம்பெனி வேறொன்றோடு இணைந்து தன் தனிவாழ்வை முடித்துக்கொண்டது. கைபட்டுச் செய்த வேலையின் திருத்தம் இது! எட்டு வரை எண்ணுவது மனிதனுக்குப் பெரிய காரியமன்று. ஆனால் நள்ளிரவில், ஆயிரமாவது முறை, எட்டு வரை எண்ணுவது பெரிய காரியமே. அது மனிதன் செய்யத் தக்க வேலையுமன்று. அந்த வேலை ஒழிந்ததற்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீரும் சிந்தமாட்டோம்.

நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். 18 வயது நிறைந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 100 ரிங்கிட் மளிகை உதவி என்று 2025 ஜூலையில் பிரதமர் அறிவித்தார். ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பேருக்கு உரியது. மைகாட் அட்டையைக் கடையில் நீட்டினால் போதும் என்றார்கள். ஆகஸ்டு 31, சுதந்திர தினத்தன்று, திட்டம் தொடங்கியது. தொடங்கிய அன்றே நெரிசல் தாங்காமல் கட்டண அமைப்பு தடுமாறியது. சாமான்களைத் தள்ளுவண்டியில் நிரப்பிக்கொண்டு வந்த ஏழை ஜனங்கள் பணம் கட்டும் மேசையருகே காத்து நின்றார்கள். திடீர் வெள்ளமா அது? நாள் முன்பே தெரியும், தொகை தெரியும், தலைக்கணக்கும் தெரியும். கேட்பவர் ஏற ஏறக் கணினிகளின் எண்ணிக்கையைத் தானே ஏற்றவும், கூட்டம் கலைந்தபின் தானே இறக்கவும் கட்டளை எழுதிவைக்கும் வித்தை உலகில் ஏற்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவ்வித்தையும் தனியே போதாது. கடைக்கு இருபது வாசல் திறந்தாலும் பணப்பெட்டி ஒன்றேயானால் வரிசை நகராது. அந்த ஒற்றைப் பணப்பெட்டி எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க, பொய்க் கூட்டத்தை உண்டாக்கி முன்னதாகவே ஒத்திகை பார்க்க வேண்டும். கலியாணத்துக்கு ஆயிரம் பேரை அழைத்தவன் முதல் நாளே பந்திக்கு இலை எண்ணுகிறான். 2 கோடிப் பேருக்கு அழைப்பு விட்டவர்களிடத்தில் அவ்வளவையேனும் எதிர்பார்ப்பது குற்றமா?

ஆனால் இதனால் தானியங்கியே தெய்வம், அதன் காலில் விழுவோம் என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணவேண்டாம். இயந்திரக் கங்காணிக்கும் புத்தி பேதலித்ததுண்டு. 2024 ஜூலை 19-ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்புக் கம்பெனி, பிழையான ஒரு சிறு கோப்பைத் தன் தானியங்கி வழியே உலகெங்கும் ஒரேயடியாக அனுப்பிவிட்டது. 78 நிமிஷத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஏர் ஏசியா பயணிகளைக் கையெழுத்துமுறையில் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. கெடுத்தது ஒரு நொடியில், இயந்திரத்தால்; திருத்தியதோ பெரும்பாலும் ஒவ்வொரு கணினியாக, மனிதர் கையால். முதலில் நூறு கணினிக்கு அனுப்பி, அவை உயிரோடிருக்கின்றனவா என்று பார்த்து, பிறகு ஆயிரம், பிறகு லட்சம் என்று போகும்படி அக்கோப்புக்குக் கட்டளை எழுதியிருந்தால் இக்கேடு இவ்வளவு பரவியிராது.

அதைவிட விசித்திரமானது 2025 அக்டோபர் 20-ஆம் நாள் நடந்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள அமேசான் கணினிக் கூடங்களில், எந்தச் சேவை எந்த இடத்தில் இருக்கிறதென்று சொல்லும் முகவரி ஏட்டைப் புதுப்பிக்க ஒன்றுக்கு மேற்பட்ட தானியங்கிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று எதனாலோ பின்தங்கி, பழைய திட்டத்தை எடுத்துப் புதியதன்மேல் எழுதிவிட்டது. தன் வேலையை முடித்த மற்றொன்று, பழைய திட்டங்கள் குப்பையல்லவா என்று துடைத்துவிட்டது. இரண்டும் தத்தம் கடமையைத்தான் செய்தன. முகவரிப் பக்கம் வெறுமையாயிற்று. வெறுமையான ஏட்டைக் கண்டால் என்ன செய்வதென்பது எந்தக் கட்டளையிலும் இல்லாமையால் அத்தானியங்கிகள் திகைத்து நின்றன. கடைசியில் மனிதர்கள் வந்து கையால் எழுதித்தான் ஏடு மீண்டது. அமேசானை நம்பியிருந்த எத்தனையோ சேவைகள் உலகெங்கும் பல மணி நேரம் முடங்கின. பின்னர் அமேசான் கம்பெனியாரே அந்தத் தானியங்கியை உலகம் முழுவதும் நிறுத்தி வைத்துவிட்டு, குறையைச் சீர்செய்யப் புகுந்தார்கள்.

மேற்கூறிய சம்பவங்களை ஒருசேர வைத்துப் பார்த்தால், கையா இயந்திரமா என்பது கேள்வியே அல்ல என்பது விளங்கும். எழுதியவன் என்ன எழுதினான், எழுதாமல் விட்டது எது என்பதே கேள்வி. ஆகவேதான், "சிஸ்டம் டவுன்" என்ற இரண்டு சொற்களைக் கேட்டால் நமக்கு எரிச்சல் மூளுகிறது. இடி விழுந்தது, மழை பெய்தது என்பதுபோல் அதைச் சொல்லுகிறார்கள். நமது ஜனங்களும் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். தமிழில் விதி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தலையெழுத்து என்பது ஒன்று. மனிதன் வகுத்த சட்டம் என்பது மற்றொன்று. கணினிக் கூடத்தில் இருப்பது இரண்டாவது விதி மட்டுமே. அதை எழுதியவனுக்குப் பெயருண்டு, சம்பளமுண்டு, மேலதிகாரி உண்டு. எழுதியவன் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி நமது சமூகத்தின் நிலைமைக்கு வருவோம். கங்காணி என்ற சொல் நமக்குப் புதிதன்று. ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்தவனும், வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு வாங்கியவனும் கங்காணியே. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்ததோடு அந்த ஆள்பிடி முறை மாண்டது. ஆனால் தோட்டத்தில் துரை எழுதினான், கிராணி கணக்கெடுத்தான், நமது பாட்டனும் பாட்டியும் மரம் வெட்டினார்கள் என்ற ஏற்பாடு மாளவில்லை. அரைநூற்றாண்டு பால் வெட்டியவர்களுக்கு, மரத்தின் பட்டையைப் பற்றி எந்த ஆராய்ச்சியாளனுக்கும் குறையாத அறிவு கைவிரலில் இருந்தது. அந்த அறிவுக்கு என்ன விலை கிடைத்தது? கித்தாவை அழித்துச் செம்பனை நட்டபோதும், செம்பனையையும் அழித்து வீட்டுமனை போட்டபோதும் அவர்களை யாராவது அழைத்து அபிப்பிராயம் கேட்டார்களா? லயத்தைக் காலி செய் என்ற கடிதம்தான் வந்தது. கையில் தொழில் இருந்தது. ஏட்டில் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை. அவர்கள் வீழ்ந்தது தொழிலறியாமையால் அன்று.

இப்பொழுது அதே மண்ணில் என்ன முளைக்கிறதென்று பாருங்கள். மைக்ரோசாப்ட் 220 கோடி டாலர், கூகுள் 200 கோடி டாலர் என்று 2024 மே மாதத்தில் இந்நாட்டில் முதலீடு அறிவித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமேசான் தன் கணினிக் கூடங்களைத் திறந்து, 2038-க்குள் 620 கோடி டாலர் போடுவோம் என்றது. கூகுளின் கூடத்துக்கு 2024 அக்டோபரில் அடிக்கல் நாட்டிய இடம் சிலாங்கூரில் எல்மினா. எல்மினா என்பது நமக்குப் பழகிய பெயர். நமது ஜனங்கள் பால் வெட்டிய தோட்டத்தின் பெயர். அத்தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் உண்டு. அந்தக் கூடங்களுக்குள்ளே பெரட்டு எடுப்பது இயந்திரக் கங்காணி. ஆகையால் கையால் செய்யும் வேலை அங்கே சொற்பமாகவே இருக்கும். வாசலில் காவலும் உள்ளே துப்புரவும் தவிர நமக்கு வேறொன்றும் இல்லையென்றால், பாட்டன் வெட்டிய மரத்தடியில் பேரன் விசிலோடு நிற்கிறான் என்றுதான் அர்த்தம்.

இதற்கு நமது சமூகம் செய்யும் பரிகாரம் என்ன? சான்றிதழ்! ஆறு மாதத்தில் கணினி நிபுணர், ஓராண்டில் டிப்ளோமா என்று விளம்பரம் செய்யும் தனியார் கல்லூரிகள் எத்தனை! பெற்றோர் நகையை அடகு வைக்கிறார்கள். பிள்ளை கல்விக் கடனில் கையெழுத்திடுகிறான். கல்லூரிக்குத் தலைக்காசு சேருகிறது. உள்ளே இவர்கள் சொல்லிக் கொடுப்பதோ, இந்தப் பொத்தானை அமுக்கு, அடுத்ததை அமுக்கு, திரையில் சிவப்பு விளக்கு எரிந்தால் மேலே சொல்லு என்பது. இது பெரும்பாலும் இயந்திரக் கங்காணி ஏற்கெனவே எடுத்துக்கொண்ட வேலை. ஒழிந்துபோன வேலைக்கு ஆள் தயாரித்து, அதற்குக் கடனும் ஏற்றிவிடுவதைக் கல்வி என்று எப்படி அழைப்பது? பழைய கங்காணியாவது கப்பலேற்றிய ஆளுக்கு மறுகரையில் ஒரு வேலையைக் காட்டினான்.

மற்றொரு பரிகாரம் மடிக்கணினி விழா. மேடை, மாலை, பொன்னாடை, நீண்ட பேச்சு, படம் பிடித்தல். பிறகு அந்தப் பெட்டி வீட்டு அலமாரியில். கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. கொடுத்த கையோடு, இதைக் கொண்டு பிள்ளை என்ன கற்கப்போகிறான், யார் கற்பிப்பது என்று கேட்காத கொடையைத்தான் கேள்வி கேட்கிறோம்.

"கட்டளை எழுதுவதையும் செயற்கை நுண்ணறிவு செய்துவிடுமே, பிறகு எழுதக் கற்று என்ன?" என்று ஒரு புத்திசாலி கேட்கக்கூடும். செய்கிறது, நாம் மறுக்கவில்லை. மனு எழுதிக் கொடுக்க ஆள் இருந்த காலத்திலே, வாசிக்கத் தெரிந்தவன் வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டான். தெரியாதவன் பெருவிரலை அமுக்கினான். இருவர் மனுவும் ஒருவனே எழுதியதுதான். வீட்டை இழந்தவன் யார் என்பது நமது சமூகத்துக்குத் தெரியாத சங்கதியன்று.

இங்கே ஒரு பெரிய வேறுபாட்டை நமது இளைஞர்கள் கவனிக்க வேண்டும். தோட்டம் துரையினுடையது, மண்ணும் மரமும் அவனுடையவை, நாம் விரும்பினாலும் வாங்கியிருக்க முடியாது. ஆனால் இந்த இயந்திரக் கங்காணிகளுள் தலைசிறந்தவை பொதுச்சொத்து. கியூபர்னெட்டிஸின் மூலநிரலை எவரும் காசின்றி எடுத்து வாசிக்கலாம், திருத்தலாம், நடத்தலாம். அது பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின்மேல். பழைய கணினிகள் இரண்டு மூன்றை ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றின் மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, அதிலிருந்த வேலை மற்றொன்றில் எழுந்து நிற்பதைத் தோட்டத்து வீட்டுக் கூடத்திலேயே பார்க்கலாம். அதைப் பார்த்த பையன், சான்றிதழ்க்காரர் ஓராண்டில் காட்டாததை ஒரு மாலையில் கண்டவனாவான்.

"எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே" என்ற முனகலும் நமது காதில் விழாமலில்லை. ஆங்கிலம் வேண்டியதுதான், கற்றே ஆக வேண்டும். ஆனால் அது வரும்வரை வாசலிலேயே நிற்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2012 முதல் கணியம் என்னும் மின்னிதழை நடத்திவரும் தொண்டர்கள், லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களைப்பற்றி எளிய தமிழில் நூல்கள் எழுதி, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறார்கள். நமது மலேசியத் தமிழரே 1980-களில் முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளைச் செய்து, தமிழைக் கணினியில் ஏற்றிக் காட்டினார். அன்று இணையம் வீட்டுக்கு வரவில்லை, ஆசிரியர் இல்லை, தமிழ்ப் புத்தகமும் இல்லை. இத்தனையும் இருக்கும் இன்றைக்கு, நம்மால் இயலாதென்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

தாப்பா, பீடோர் வட்டாரத்துச் சங்கங்களையும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களையும் நேராகவே கேட்கிறோம். சனிக்கிழமை மாலைகளில் பள்ளி மண்டபம் வெறுமனே கிடக்கிறது. கழித்துப்போட்ட கணினிகள் அலுவலக மூலைகளில் தூசி படிந்து கிடக்கின்றன. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இதே வேலையைச் செய்துகொண்டு, தீபாவளிக்கு மட்டும் ஊர் வரும் நமது பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். மாதம் ஒரு மாலை வந்து பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டளைக் கோப்பை எழுதிக் காட்டுங்கள் என்று அவர்களை அழைத்துப் பாருங்கள். வருகிற பிள்ளைகளில் பெண்கள் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். அடுத்த மடிக்கணினி விழாவுக்கு என்று எடுத்துவைத்திருக்கும் மாலைச் செலவிலேயே, அவர்கள் வந்துபோகும் ரயில் கட்டணத்தைக் கொடுத்துவிடலாம்.